நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் நடுவில்

என் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் பார்த்தது நானல்ல. எங்கள் கம்பெனியில் பீங்கான் கட்டைகளைக் கிளேஸ் என்கிற பளபளப்புக் கரைசலில் முக்கும் வேலை செய்கிற அக்காதான். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். அன்றைக்குப் பதினோரு மணி டீ குடித்துக்கொண்டிருந்தோம். என்னையே உற்றுப் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “பாயம்மா, இன்னொரு மொடக்கு குடிங்க, பாக்கலாம்” என்றார். குடித்தேன். “நீங்க முழுங்கும்போது கழுத்துல ஒண்ணு ஏறி எறங்குது” என்றார்.

சதை போட்டிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டரிடம் காட்டுகிறேன் என்று நான் வாயால் சொல்லும்வரை தொட்டிப் பக்கம் போக மாட்டேன் என்று பலகையில் உட்கார்ந்துவிட்டார். வேலை நிற்கிறதே என்ற எரிச்சலில்தான் சரி என்றேன்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் என் அத்தா வைத்துவிட்டுப் போன ஒரு ஷெட்டில் ஃபியூஸ் கட்டை செய்துகொண்டிருந்தேன். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக மாட்டியிருக்குமே, அதுதான். பொம்மை, ஜாடி எல்லாம் பக்கத்து ஷெட்டுகளில். என்னிடம் எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். மண் அரைக்கிற மில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே என் குரல் போக வேண்டும். போகும். கூப்பிட்டால் மூன்றாவது ஷெட்டில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் சவூதியில் எலக்ட்ரீஷியன். ஒரே மகள், காலேஜில் கடைசி வருஷம்.

ஊரில் பார்த்த டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பிறகு கட்டிக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து ரிசல்ட்டை வைத்துக்கொண்டு, தைராய்டில் கேன்சர் இருக்கிறது, பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். நானும் நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டியபோது வலது காலில், கூட வந்திருந்த மகளின் செருப்பு இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு பாதி ரோடு நடந்துவிட்டேன். அவளும் சொல்லவில்லை.

பாண்டிச்சேரியில் என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். ஆபரேஷன் செய்கிறவர். என் வயதுதான் இருக்கும். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் போனபோது எல்லாப் படங்களையும் விளக்கில் மாட்டி வைத்துச் சொன்னார். கட்டி தைராய்டில் ஆரம்பித்திருக்கிறது. அங்கிருந்து கழுத்தின் வலது பக்கத்தில் இருக்கிற நெறிக்கட்டிகளுக்கும் போயிருக்கிறது. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டும். தைராய்டு முழுவதையும் எடுத்து, வலது பக்கத்து நெறிகளையும் எடுக்க வேண்டும். மகள்தான் கேட்டாள், எத்தனாவது ஸ்டேஜ் என்று.

“ஒண்ணு” என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் இரண்டு பேரும் வேறு ஆட்களாகிவிட்டோம். திரும்பி வரும்போது பண்ருட்டியில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாகப் பலாச்சுளை வாங்கி, பிசுக்குக் கையோடு பேசிக்கொண்டே வந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம்கூட, எனக்குக் கேன்சர், ஆனால் ஒண்ணாவது ஸ்டேஜ்தான் என்று சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு அதுவும் சிரிப்பாக இருந்தது.

அன்று மாலையே வீட்டுக்காரரிடம் வீடியோவில் சொன்னேன். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அடுத்த இரண்டு நாள் அவர் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் டூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுகிற மனிதர். மூன்றாம் நாள் கூப்பிட்டபோது முகம் வீங்கியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றார். ஏன் என்று கேட்டேன். மகளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

மகள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. பிறகு வந்து, நான் கேட்காமலேயே போனை என்னிடம் நீட்டினாள். வீட்டுக்காரர் தன் ரூமில் இருக்கிற ஒருவரோடு உட்கார்ந்து இன்டர்நெட்டில் தேடியிருக்கிறார். ஒரு ஆங்கிலப் பக்கம் கிடைத்திருக்கிறது. பெரிய இடத்துப் பக்கம்தான், ஏமாற்று வேலை இல்லை. அதில் தைராய்டு கேன்சருக்கு ஒரு அட்டவணை இருந்தது. வயது நாற்பத்தைந்துக்கு மேல், கழுத்தின் பக்கவாட்டு நெறிகளுக்குப் பரவியிருந்தால், நாலாவது ஸ்டேஜ். மகள் அந்த வரியை எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை படித்தாள்.

இப்படித்தான் மூன்று நாளில் நான் ஒன்றிலிருந்து நாலுக்குப் போனேன்.

விஷயம் என் நாத்தனாருக்கும் போய்விட்டது. வீட்டுக்காரருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அன்று மத்தியானமே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் அழவில்லை. டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். அவர் கணவருக்கு உணவுக்குழாயில் வந்தபோது சின்னப் புண், சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம். மூத்த மகனும் டாக்டரும் பேசி வைத்துக்கொண்டு இவரிடம் மறைத்துவிட்டார்கள். கணவர் கஞ்சிகூட விழுங்க முடியாமல் போன பிறகுதான் இவருக்கு உண்மை தெரிந்தது. கடைசியாக அவரிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசாமலே விட்டுவிட்டேன் என்று சொன்னார். “உன்னையும் அப்படி ஏமாத்த வுடமாட்டேன்” என்றார்.

அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவர் செய்ததெல்லாம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் அந்தப் பாசம் வேகமாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் என் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்துவிட்டார். பெண்ணாடத்தில் கடை வைத்திருக்கிற நல்ல குடும்பம், பையன் குணமானவன். நீ கண்ணால் பார்க்கும்போதே நிக்காஹ் முடியட்டும், பரீட்சையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார். கழுத்தை அறுக்க விடாதே, குரல் போய்விடும், போகப்போகிற உயிருக்கு எதற்கு இந்த வேதனை என்றும் சொன்னார்.

நான் சரி என்றேன். அதைத்தான் இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. யாருக்கும் சட்டென்று தலையாட்டாத நான், ஒரு அட்டவணையில் இருந்த நாலு என்ற எண்ணுக்குத் தலையாட்டிவிட்டேன். கம்பெனியில் சூளைக்குத் தீ வைக்கிற கணக்கைக் கிளேஸ் முக்குகிற அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் மெல்ல ஏற்ற வேண்டும், எப்போது கூட்ட வேண்டும் என்று. அவர் கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் எழுந்து போய்விட்டார். மகள் வீட்டில் எதுவும் மறுத்துப் பேசவில்லை. புத்தகங்களை எடுத்து அலமாரிக்கு மேலே ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி வைத்தாள். அவ்வளவுதான்.

ஒரு காலையில் தலைவாரும்போது அந்தப் பையைப் பார்த்தேன். கட்டு இறுக்கமாக, இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தாள். அவளுக்குக் கோபம் என்று அந்த முடிச்சில்தான் தெரிந்தது. எனக்கும் அப்போதுதான் கோபம் வந்தது. நோயின் மேல் இல்லை. டாக்டர் பொய் சொல்லியிருந்தால் டாக்டர் மேல். சொல்லாமலிருந்தால் எங்கள் எல்லோர் மேலும். இரண்டில் ஒன்று தெரியாமல் என் மகளின் பரீட்சையை எப்படி நான் விட்டுக்கொடுத்தேன்? கம்பெனிக்கு ஒரு லோடு மண் வந்தால் தொட்டுப் பார்க்காமல் இறக்க விடமாட்டேன். என் உயிர் விஷயத்தில் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மகளிடம் அந்த இன்டர்நெட் பக்கத்தைக் காகிதத்தில் பிரின்ட் எடுக்கச் சொன்னேன். அண்ணியிடம் போய், நாளைக்குப் பாண்டிச்சேரி போகிறேன், நீங்களும் வாங்க, டாக்டர் பொய் சொன்னால் உங்களுக்குத்தான் தெரியும் என்றேன். அவர் உடனே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அன்று டாக்டர் அறைக்கு வெளியே கூட்டம் அதிகம். எங்கள் முறை வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. நான் உட்காரவில்லை. காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க. இதுல நாலுன்னு போட்டிருக்குது. ரெண்டுல எது பொய்?”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். கீழே எந்த வருஷம் என்று தேடினார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, “ரெண்டும் பொய் இல்லைம்மா. இது பழசு” என்றார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கேன்சர் எதுவானாலும் நாங்கள் முதலில் மூன்று கேள்வி கேட்போம் என்று எழுதிக்கொண்டே சொன்னார். கட்டி எவ்வளவு பெரிசு, பக்கத்தில் எதையாவது பிடித்திருக்கிறதா? நெறிக்கட்டிகளுக்கு வந்திருக்கிறதா? நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் போயிருக்கிறதா? மூன்றுக்கும் மூன்று ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஒரு எண். ரிப்போர்ட்டில் நீங்கள் பார்ப்பது அதுதான். அந்த மூன்று பதிலையும் சேர்த்துத்தான் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஸ்டேஜ் சொல்வோம். எல்லா டாக்டரும் ஒரே மாதிரி பேசுவதற்காக ஒரு புத்தகம் இருக்கிறது. அதைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை திருத்துவார்கள்.

பிறகு நாலாவதாக ஒரு வரி எழுதினார். உங்களுக்கு வந்திருக்கிற இந்த வகைத் தைராய்டு கேன்சருக்கு மட்டும் இன்னொரு கேள்வியும் உண்டு என்றார். வயது. சின்ன வயதில் வந்தால் நெறிக்குப் போயிருந்தாலும் அநேகமாக எல்லோரும் பிழைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு வயதை வைத்துக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் நெறிக்கு வந்திருந்தாலும் ஒன்று. தூரத்துக்குப் போயிருந்தால்கூட இரண்டுதான். அந்தப் பக்கம் இருந்தால் எண்ணிக்கை ஏறும்.

“முன்னாடி அந்தக் கோடு நாப்பத்தஞ்சுல இருந்துச்சு. நீங்க கொண்டுவந்த பேப்பர் அந்தக் காலத்தது. அப்புறம் நாப்பத்தஞ்சுக்கும் அம்பத்தஞ்சுக்கும் நடுவுல இருந்த நிறைய பேரை வருஷக்கணக்கா பார்த்துக்கிட்டே வந்தாங்க. அவங்களும் நல்லாத்தான் இருந்தாங்க. வேலைக்குப் போனாங்க, பேரன் பேத்தி எடுத்தாங்க. நாமதான் தேவையில்லாம அவங்களுக்கு நாலுன்னு சொல்லி பயமுறுத்தியிருக்கோம்னு தெரிஞ்சுது. கோட்டைத் தூக்கி அம்பத்தஞ்சுல வெச்சுட்டாங்க.”

தாளில் இரண்டு கோடு போட்டிருந்தார். ஒன்றின் கீழே 45, இன்னொன்றின் கீழே 55. நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். “நீங்க இங்க இருக்கீங்க.”

“என் கட்டி அப்படியேதான் இருக்குது. எண்ணு மட்டும்தான் மாறிச்சா?” என்று கேட்டேன்.

“ஆமா. கட்டி அதேதான். அதைப் பத்தி நமக்குத் தெரிஞ்சதுதான் கூடியிருக்கு.”

அதோடு அவர் விடவில்லை. ஒன்று என்றவுடன் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது என்றார். ஆபரேஷன் பெரியதுதான். கழுத்தில் நீளமாகத் தழும்பு இருக்கும். குரல் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது. பார்த்துத்தான் செய்வேன், ஆனாலும் கொஞ்ச நாள் குரல் கம்மலாகலாம், அபூர்வமாகச் சிலருக்கு அப்படியே இருந்துவிடவும் செய்யும். அதற்குப் பிறகு மருந்து உண்டு, காலமெல்லாம் மாத்திரை உண்டு. ஸ்டேஜ் என்பது எவ்வளவு வலிக்கும் என்று சொல்கிற எண் இல்லை, எத்தனை பேர் இதிலிருந்து நல்லபடியாக வெளியே வந்தார்கள் என்று பார்த்துச் சொல்கிற எண் என்றார். இதே கட்டி அறுபது வயதில் ஒருத்தருக்கு வந்திருந்தால் இரண்டு என்று எழுதியிருப்போம், அவருக்கும் இதே ஆபரேஷன்தான்.

அதுவரை சும்மா இருந்த அண்ணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “எங்க வூட்டுக்காரருக்கும் ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க” என்றார்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். கணவருக்கு என்ன வந்தது, எப்போது என்று கேட்டார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். வெளியே அவ்வளவு கூட்டம் இருந்தும் டாக்டர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: “உங்ககிட்ட மறைச்சது தப்புங்க. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இவங்க விஷயத்துல நான் எதையும் மறைக்கலை. நாளைக்கு மோசமா எதாவது வந்தாலும் இதே நாற்காலியில உட்கார வெச்சு இவங்க முகத்தைப் பார்த்துத்தான் சொல்லுவேன்.” அந்தத் தாளை மடித்து என்னிடம் கொடுக்காமல் அண்ணியிடம் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அண்ணி அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டே வந்தார். அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எண் தெரியும். வடலூர் வந்தபோது, பெண்ணாடத்துக்காரர்களிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்ததும் மகள் நாற்காலி போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்து பையை இறக்கினாள். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கத்தரியால் வெட்டினாள்.

வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. மகள் புதிய அட்டவணையைத் தேடி எடுத்து அனுப்பினாள். அவர் ரூமில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து படித்திருக்கிறார்கள். பிறகு போனில் பேச்சே இல்லை. கட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். இல்லை, அழுதுகொண்டிருந்தார். வேலையை விட வேண்டாம், லீவ் போட்டு ஆபரேஷனுக்கு மட்டும் வாங்க என்றேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரிடம் ஒரு உத்தரவு மாதிரி பேசினேன். சரி என்றார்.

மகளின் கடைசிப் பரீட்சை முடிந்த நாலாம் நாள் ஆபரேஷன். அதுவரை தள்ளிப்போடுவதில் தப்பில்லை என்று டாக்டரே சொல்லிக் கொடுத்த தேதி. வீட்டுக்காரர் முந்தின நாள் வந்து இறங்கினார். ஆறு மணி நேரம் ஆனது என்று பிறகு சொன்னார்கள். கண் விழித்தபோது கழுத்தில் பாறாங்கல் வைத்த மாதிரி இருந்தது. டாக்டர் குனிந்து, பெயரைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னேன். உடைந்த ஓலை உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டாக்டர் சிரித்தார். “நரம்பு இருக்கு. சத்தம் வரும்” என்றார்.

மறுநாள் விரல் நுனியெல்லாம், உதட்டைச் சுற்றியும், எறும்பு ஊர்வது போல இருந்தது. பயந்துவிட்டேன். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் அப்படித்தான் என்று ஊசி போட்டார்கள். சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அண்ணி என்னோடு வார்டில் இருந்தார். எந்த நர்ஸ் என்ன மருந்து கொடுத்தாலும், இது என்ன, எதுக்கு என்று கேட்காமல் விடமாட்டார். வார்டில் மற்றவர்களும் அவரைப் பார்த்துக் கேட்கப் பழகிக்கொண்டார்கள்.

எடுத்ததை எல்லாம் பரிசோதித்து ரிப்போர்ட் வந்தது. இருபத்தாறு நெறிகளை எடுத்திருந்தார்கள். ஏழில் கேன்சர் இருந்தது. ஸ்கேனைப் பார்த்துச் சொன்ன ஸ்டேஜ் ஒரு மதிப்புதான், இப்போது கையில் எடுத்துப் பார்த்துச் சொல்வதுதான் உறுதி என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அந்தக் காகிதத்தை நான் பிரிக்காமல் மகளிடம் நீட்டினேன். மகள் படித்தாள். ஒன்று.

மிச்சமிருக்கிற தைராய்டுத் துணுக்குகளை அழிக்கக் கதிர்வீச்சு அயோடின் மருந்து கொடுத்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் மீன், முட்டை, பால், கடையில் வாங்கும் அயோடின் உப்பு எதுவும் கூடாது. மருந்து ஒரே ஒரு மாத்திரைதான். ஆனால் அதை முழுங்கினால் நம் உடம்பிலிருந்தே கதிர் வெளியே வரும் என்று மூன்று நாள் தனி அறையில் பூட்டி வைத்தார்கள். சாப்பாட்டைக் கதவு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மூன்று நாளும் பேச ஆளில்லாததால் என் குரலைச் சோதித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்று, இரண்டு எண்ணினேன். பிறகு தொழுகையில் ஓதுவதைக் கொஞ்சம் சத்தமாக ஓதினேன். மூன்றாம் நாள் கம்பெனியில் கூப்பிடுகிற மாதிரி எட்டுப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஐந்தாவது பெயரில் குரல் உடையாமல் முழுசாக வந்தது. வெளியே இருந்த நர்ஸ் ஏதோ ஆபத்து என்று ஓடிவந்து, கதவுக் கண்ணாடியில் பார்த்தார். நான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் உடம்பு முழுக்க எடுத்த படத்தில் கழுத்தில் மட்டும் லேசாக ஒரு பொட்டு, மருந்து அழித்துக்கொண்டிருக்கிற மிச்சத் துணுக்கு. வேறெங்கும் எதுவுமில்லை. டாக்டர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

கம்பெனிக்குப் போன அன்று மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் இல்லாத காலத்தில் அக்கா ஒரு சூளைகூட நிறுத்தவில்லை. ஒரே ஒரு தடவை சூடு கூடிப்போய் ஐம்பது கட்டை வளைந்துவிட்டது, அதை மறைக்காமல் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார். திட்டுவேன் என்று எதிர்பார்த்தார். திட்டினேன். நன்றாகச் சத்தமாக. பக்கத்து ஷெட்டுக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்து, வந்துட்டீங்களா பாயம்மா என்றார்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷமாகிறது. மகள் படிப்பு முடித்து இரண்டு வருஷம் வேலை பார்த்து, அவளுக்குப் பிடித்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டுக்காரர் சவூதியை முடித்துக்கொண்டு வந்து, நான் செய்கிற ஃபியூஸ் கட்டையில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். எலக்ட்ரீஷியன் அல்லவா. ஷெட் இரண்டாகிவிட்டது, பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, வருஷத்துக்கு ஒரு தடவை பாண்டிச்சேரி.

ஊரில் யாருக்காவது கேன்சர் என்றால் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் டாக்டர் இல்லை, எதையும் படித்துச் சொல்வதில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். எண்ணை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள், அந்த எண் எப்படி வந்தது என்று கேளுங்கள். ஒரு கேன்சரின் நாலும் இன்னொரு கேன்சரின் நாலும் ஒன்றில்லை. அப்புறம், நோயாளியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வருஷம் எனக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. போன தடவை பாண்டிச்சேரி போனபோது டாக்டரிடம் கேட்டேன், நான் கோட்டைத் தாண்டிவிட்டேனே, என் ஸ்டேஜ் இப்போது ஏறிவிடுமா என்று. அவர் ரொம்ப நேரம் சிரித்தார். நோய் கண்டுபிடித்த அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு, அன்று எழுதிய ஸ்டேஜ்தான் என்றைக்கும், அது ஏறவும் செய்யாது இறங்கவும் செய்யாது என்றார். “இப்ப உங்களுக்கு ஸ்டேஜே தேவையில்லை. ஒண்ணுமில்லாததுக்கு என்ன நம்பர் போடறது?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போன மாசம் கடைத்தெருப் பக்கம் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். அண்ணி யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறார். கணவர் போன பிறகு தனக்காக ஒரு ஆஸ்பத்திரிப் படியும் மிதிக்காதவர். மார்பு, கர்ப்பப்பை, சர்க்கரை, எல்லாம் பார்த்துக்கொண்டு, ரிசல்ட் வரும் அன்று தானே போய் வாங்கியிருக்கிறார். அங்கே இருந்த சின்ன டாக்டர், எல்லாம் நல்லா இருக்குங்கம்மா என்று சொல்லி அனுப்பப் பார்த்திருக்கிறார். இவர் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு தாளாக எடுத்து, இது என்ன, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு, பின்னால் நின்ற வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் எல்லோரையும் நிறுத்தச் சொன்னார். தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினார்.

“எல்லாத்தையும் நானே கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன்” என்றார். “ஒவ்வொண்ணா சொல்றேன், கேளுங்க.”

நாங்கள் கையை அப்படியே வைத்துக்கொண்டு, குழம்பு ஆறும்வரை கேட்டோம்.